ஒருமனதாக இறக்கப்பட்ட ஓநாய்

வட ஸ்வீடனின் லில்செலெ நகராட்சி தன் வரலாற்றில் ஒரு தடவைகூட யாரையும் பயமுறுத்தியதில்லை. அதனால், பயம் எவ்வளவு இருக்கலாம் என்று முடிவு செய்கிற பொறுப்பு தலையில் விழுந்தபோது அதற்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விஷயம் இதுதான். நகராட்சியின் கரடிப் பூங்காவுக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ரோலர் கோஸ்டர் வாங்கியாகிவிட்டது. குடும்பத்தோடு ஏறுகிற வகை. பெயர் ஓநாய். ஆற்றங்கரைப் பைன் மரங்களுக்கு மேலே தண்டவாளமும் எழும்பி நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் ஓய்வுநேரக் குழுவில் யாரோ கேட்டார்கள், ஒரு குடும்பத்துக்கு இந்த விறுவிறுப்பு போதுமா, கூட்டவேண்டுமா, குறைக்கவேண்டுமா என்று. வாங்குவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம். ஆனால் முன்னால் கேட்டிருந்தால் விஷயம் ஒரே கூட்டத்தில் முடிந்துபோயிருக்கும்.

எங்கள் ஊரில் எதையும் ஒருமனதாகத்தான் முடிவு செய்வோம். “இதையே முடிவாக வைத்துக்கொள்ளலாமா?” என்று தலைவர் கேட்பார், எல்லோரும் ஆமாம் என்போம், சுத்தியல் விழும். இல்லை என்று சொல்வதற்கும் விதிகளில் வழி இருக்கிறது. அந்த வழியில் யாரும் போய்ப் பார்த்ததில்லை. அந்த ஆமாமைக்கூட நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. வடக்கத்திக்காரர்கள் அல்லவா, ‘ஷுப்’ என்று ஒரு மூச்சை உள்ளே இழுப்போம். அதுதான் ஆமாம். எங்கள் ஊரில் கல்யாணமும் அந்த மூச்சில்தான் நடக்கிறது, வீட்டுக் கடனும் அந்த மூச்சில்தான் வாங்கப்படுகிறது.

குழுவுக்கு ஊர்க் குடும்பங்களின் சார்பாக ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். ஹென்னிங் லொவ்பிராண்ட் பெயர் கொடுத்தான். அவன் டயர் கடைக்காரன். இலையுதிர் காலத்தில் ஊர் முழுவதற்கும் பனிக்கால டயர் மாட்டுவான், பனி உருகியதும் கழற்றுவான். நடுவில் வாயைத் திறக்க அவனுக்குப் பெரிதாக அவசியம் வந்ததில்லை. அவன் போனது மகளுக்காக.

மகள் டூவாவுக்கு வயது பன்னிரண்டு. பார்த்தால் ஏழு என்பார்கள். பிறவியிலேயே எலும்பு வளர்ச்சி மெதுவானது, அதற்காகச் சின்ன வயதில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள், அவ்வளவுதான், மற்றபடி ஒரு குறையும் இல்லை, எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் பூங்காவுக்குப் பூங்கா வாசலில் ஒரு அளவுகோல் நிற்கிறதே, அது டாக்டர் சொல்வதைக் கேட்பதில்லை. வகுப்பில் எல்லோரும் ஸ்டாக்ஹோம் போய் வானத்தில் தலைகீழாகத் தொங்கியபோது, டூவா கீழே நின்று அத்தனை பேருடைய ஜாக்கெட்டுகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்காக எல்லோரும் பயந்துவிட்டார்கள். அம்மா பயந்தாள், அப்பா பயந்தான், பள்ளிக்கூட நர்ஸ் பயந்தாள், நீச்சல் வாத்தியார் பயந்தார். அவளே பயப்படுவதற்கென்று ஒருவரும் மிச்சம் வைக்கவில்லை.

ஓநாயில் ஏற நூற்றுப்பத்து சென்டிமீட்டர் இருந்தால் போதும். டூவா நூற்றுப்பத்தொன்பது. ஒரு பெரிய வண்டி அவளை உள்ளே விடப்போவது இதுதான் முதல் தடவை. பெற்றோர் பிரிந்துவிட்டதால் ஒரு வாரம் அம்மாவிடம், ஒரு வாரம் அப்பாவிடம் என்று இருப்பவள். அப்பாவிடம் இருக்கிற வாரத்தில், சாப்பாட்டு மேஜையில் அவனை மடக்கி உட்காரவைத்துச் சொன்னாள்:

“குறைக்க விட்டுடாதப்பா. வயிறு வாய்க்கு வரணும். எனக்கே பயமா இருக்கணும், உனக்கு இல்ல.”

சரி என்றான். இந்த ஒன்றை வாய்விட்டே சொன்னான்.

முதல் கூட்டம் நகராட்சி மாளிகையில். இலவங்கப்பட்டை ரொட்டியும் காபியும் வந்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்து, ரொட்டி நன்றாக இருந்தது என்பது ஒருமனதாக ஏற்கப்பட்டபின் பேச்சு தொடங்கியது. குழுத் தலைவி குன்-பிரிட் ஓக்கெர்லிண்ட் எழுந்தாள். எங்கள் நாட்டில் யாரும் யாருக்கும் ‘நீங்கள்’ போடுவதில்லை, பிரதமரானாலும் நீ, வா, போதான். அதனால் ஒருவரை அவமதிக்க வேண்டுமென்றால் வேறு வழிதான் தேடவேண்டியிருக்கிறது. குன்-பிரிட் அந்த வழியைக் கண்டுபிடித்தவள். சிரித்துக்கொண்டே பேசுவாள்.

“பயம்ங்கறது பொதுச்சொத்து,” என்றாள். “நகராட்சி ரோடு மாதிரி, நூலகம் மாதிரி. எல்லாருக்கும் சமமா கிடைக்கணும். ஒரு குழந்தைக்கு நிறைய பயம், இன்னொரு குழந்தைக்குக் கொஞ்சம்னு இருந்தா அது நியாயமா? எல்லாருக்கும் சமமா கொடுக்க முடியலன்னா, யாருக்குமே கொடுக்காம இருக்கறதுதான் சமத்துவம்.”

அறை முழுவதும் ‘ஷுப்’ என்று மூச்சிழுத்தது.

அடுத்து எழுந்தவன் காஸ்பர் ரேன்பெரி, மக்களுக்கு எப்படிப்பட்ட அனுபவம் கிடைக்கவேண்டும் என்று சொல்வதற்காக ஸ்டாக்ஹோமிலிருந்து வரவழைக்கப்பட்ட ‘அனுபவ ஆலோசகன்’. பனி உருகிச் சேறாகிக் கிடக்கிற மாதத்தில் வெள்ளைச் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதைப் பார்த்ததிலிருந்து குழுவுக்கு அவன்மேல் ஒரு பக்தி. அவன் எல்லோருக்கும் மஞ்சள் சீட்டு கொடுத்து, அவரவர் பயத்தை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னான். ஒரு அம்மாள் ‘குளவி’ என்று ஒட்டினாள். நகராட்சிக் கணக்கர் ‘தணிக்கை’ என்று ஒட்டினார். ஹென்னிங் எழுதவில்லை. தன் முறை வந்ததும் எழுந்து, பாதி ராத்திரி வரை ஒத்திகை பார்த்திருந்ததைச் சொன்னான். இந்த வண்டியைக் குறைக்கவேண்டாம், முடிந்தால் கூட்டுங்கள், பெரிய வண்டிகளில் ஏற முடியாத பிள்ளைகளுக்கு இருப்பது இது ஒன்றுதான் என்றான்.

“ரொம்ப விறுவிறுப்பான கருத்து, ஹென்னிங்,” என்றான் காஸ்பர். “கூடவே எடுத்துக்கிட்டுப் போறோம்.”

ஹென்னிங் சந்தோஷமாக உட்கார்ந்தான். பாவம், அவன் கூட்டங்களுக்குப் பழகாதவன். எங்கள் நாட்டு அலுவலகங்களில் ‘விறுவிறுப்பாக இருக்கிறது’ என்றால் ‘வாயை மூடு’ என்று அர்த்தம், ‘எடுத்துக்கிட்டுப் போறோம்’ என்றால் ‘வழியில் போட்டுவிடுவோம்’ என்று அர்த்தம். அன்றைக்குக் குளவியும் விறுவிறுப்பாக இருந்தது, தணிக்கையும் விறுவிறுப்பாக இருந்தது, கழிவறைக்கு எப்படிப் போவது என்று கேட்டவரின் கேள்விகூட விறுவிறுப்பாக இருந்தது. ஊரில் இவ்வளவு விறுவிறுப்பு இருக்கும்போது அதற்கென்று தனியாக ஒரு வண்டி எதற்கு என்பதுதான் கூட்டத்தின் சாரம்.

பிறகு சோதனை ஓட்டம். குழந்தைகளுக்கான வண்டியைக் குழந்தைகளை வைத்துச் சோதிக்கக் காப்பீடு இடம்கொடுக்காததால், நகராட்சி ஊழியர்களை ஏற்றினார்கள். குப்பை வண்டி ஓட்டுகிறவர்கள், நூலகத்துப் பெண்கள், தண்ணீர்த் தொட்டிப் பொறியாளர் என்று எல்லோரும் மடியில் கை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். ஹென்னிங்கும் ஏறினான். ஒவ்வொருவர் தலைக்குப் பக்கத்திலும் காஸ்பர் ஒரு ஒலிவாங்கி பொருத்தியிருந்தான். மனிதன் பயந்தால் மூச்சைப் படக்கென்று உள்ளே இழுப்பான், அதை எண்ணினால் பயத்தை எண்ணிவிடலாம் என்பது அவனுடைய ஆராய்ச்சி. தெற்கே பல ஊர்களில் நிரூபித்திருக்கிறானாம்.

வண்டி கிளம்புவதற்கு முன்னால் பூங்காப் பையன் கேட்டான், எல்லோரும் சரியாக உட்கார்ந்திருக்கிறீர்களா என்று. எல்லோரும் ‘ஷுப்’ என்றார்கள். பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்றான். ‘ஷுப்’. கண்ணாடியைக் கழற்றிவிட்டீர்களா. ‘ஷுப்’. போகலாமா. ‘ஷுப்’. கீழே காஸ்பருடைய திரையில் சிவப்புக் கோடு உச்சியைத் தொட்டது. வண்டி இன்னும் ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

அப்புறம் வண்டி ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்று, பைன் மரங்களையும் ஆற்றையும் மரக்கிடங்கையும் காட்டிவிட்டு, சடாரென்று கீழே பாய்ந்தது. ஹென்னிங்கின் வயிறு தொண்டைக்கு வந்தது. ஐயோ, இதுதான், இதைத்தான் அவள் கேட்டாள் என்று நினைத்தான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் யாரும் கத்தவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் கத்துகிற ஜாதியா என்ன. வீடு பற்றி எரிந்தாலும் பக்கத்து வீட்டுக் கதவை மெதுவாகத் தட்டித்தான் சொல்வார்கள். வண்டி திரும்பி வந்து நின்றது. எப்படி இருந்தது என்று பையன் கேட்டான். மோசமில்லை என்றார்கள். இதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் பேச்சில் கிடையாது.

முடிவைக் காஸ்பர் அடுத்த கூட்டத்தில் வைத்தான். முகம் வெளிறியிருந்தது. இப்படி ஒரு பயத்தை அவன் எந்த ஊரிலும் பார்த்ததில்லையாம். வண்டி நிற்கும்போதே மக்கள் திகிலில் மூச்சுத் திணறுகிறார்கள். ஓட ஆரம்பித்ததும் மூச்சே இல்லை, அவ்வளவு பயம், மூச்சுவிடக்கூட முடியவில்லை.

ஹென்னிங் கை தூக்கினான். “அது பயம் இல்ல, காஸ்பர். நாங்க ஆமாம்னு சொல்றதே அப்படித்தான். பெல்ட் போட்டாச்சான்னு கேட்டான், போட்டாச்சுன்னோம்.”

காஸ்பர் குன்-பிரிட்டைப் பார்த்தான். குன்-பிரிட் இந்த ஊரில் பிறந்தவள், அவள் அம்மாவும் இந்த ஊரில் பிறந்தவள், பிறந்ததிலிருந்து மூச்சிழுத்து ஆமாம் சொல்கிறவள். ஆனால் ஆலோசகனுக்குக் கொடுத்திருக்கிற பணம் அவள் கையெழுத்தில் போயிருக்கிறது. “அப்படியெல்லாம் இங்க யாரும் பேசறதில்ல,” என்றாள். “கிராமத்துப் பக்கம் சில கிழவங்க பேசலாம். நீ சொல்ற முடிவுதானே சரி, காஸ்பர்?” என்று கேட்டு, அவன் சரி என்றதும், தானும் ‘ஷுப்’ என்று மூச்சிழுத்தாள். அறையில் ஒருவர் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை. கோபப்பட வேண்டிய இடத்தில் காபியைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் இது. எழுதும்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

குன்-பிரிட் தீர்மானத்தைப் படித்தாள். மக்களின் கடுமையான பயத்தைக் கருதி, ஓநாயின் முதல் இறக்கம் பதினெட்டு மீட்டரிலிருந்து நான்கு மீட்டராகக் குறைக்கப்படும்.

ஹென்னிங்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனை அறியாமல் மூச்சு உள்ளே போனது. நல்ல சத்தமாகவே போனது.

“ஹென்னிங் ஆமாம்னுட்டான்,” என்றாள் கூட்டக் குறிப்பெழுதுகிற மாய்-வோர் என்பவள். அவள் உள்ளூர்க்காரி, காது சுத்தம். சுத்தியல் விழுந்தது.

“நான் ஆமாம் சொல்லல,” என்றான் ஹென்னிங். “அதிர்ச்சியில மூச்சு இழுத்தேன்.”

காஸ்பர் அவனை இரக்கத்தோடு பார்த்தான். “இப்பத்தானே சொன்னே, இந்த ஊர்ல மூச்சு இழுத்தா பயம் இல்ல, ஆமாம்னு? ஒண்ணு அப்படி இருக்கணும், இல்ல இப்படி இருக்கணும். ரெண்டும் எப்படி?”

சுத்தியல் விழுந்தபின் பேசக்கூடாது என்று குன்-பிரிட் அன்பாக நினைவூட்டினாள். நிகழ்ச்சி நிரலில் அடுத்த பொருள் காபி. பேசினால் கருத்தை எடுத்துக்கொண்டு போகிறோம் என்கிறார்கள், மூச்சு இழுத்தால் சம்மதம் என்கிறார்கள். இவர்களிடம் ஒரு மனிதன் எப்படித்தான் வேண்டாம் என்று சொல்வது? கடைசியில் ஹென்னிங்கும் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்காக அவனை நான் மன்னிக்கப்போவதில்லை. அவனும் தன்னை மன்னிக்கவில்லை.

டூவாவிடம் அன்று சாயங்காலமே சொன்னான், மறைக்கத் தெரியாதவன். அவள் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டாள்.

“எத்தனை பேர் சரின்னாங்க?”

“எல்லாரும்.”

“நீயும்?”

மூச்சுத்தான் இழுத்தேன், அதை அவர்கள் அப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று விளக்க ஆரம்பித்தான். பாதியிலேயே அவனுக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“நான் பயப்படணும்னு உன்னை அனுப்பினேன். நீ பயந்துட்டு வந்திருக்கே,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். கிழங்கு பாதி தோலோடு வெந்தது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சரிவுதான். சரிவே இல்லாத வண்டிக்கு அதிலாவது ஒரு சரிவு. ஓநாய் என்ற பெயர் ஆட்டுக்காரர்களின் மனதைப் புண்படுத்தலாம் என்று ஓநாய்க்குட்டி ஆக்கினார்கள். குட்டி என்றால் தாய் எங்கே என்று குழந்தைகள் கவலைப்படலாம் என்று அதை முள்ளம்பன்றி ஆக்கினார்கள். முள் குத்தும் என்று ஒருவர் சொன்னதால் படத்தில் முள்ளை எடுத்துவிட்டார்கள், அது இப்போது பன்றியும் இல்லாமல் எலியும் இல்லாமல் ஏதோ ஒன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறது. சங்கிலிச் சத்தம் கேட்கக்கூடாது என்று அதற்குக் கம்பளி உறை போட்டார்கள். குகையில் விளக்கு வைத்தார்கள். வழியில் ஒரு ஆறுதல் நிறுத்தம். ‘இப்போது நாம் லேசாகக் கீழே இறங்கப்போகிறோம், விருப்பமில்லாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்’ என்று ஒரு பெண்குரல். நான்கு மீட்டர் இரண்டானது. அந்தக் கூட்டங்களுக்கெல்லாம் ஹென்னிங் போனான். ஒவ்வொரு தடவையும் கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தான், மூச்சு தவறிப் போய்விடக் கூடாதென்று. மௌனம் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படும் என்று கடைசிக் கூட்டத்தில் குன்-பிரிட் அறிவித்தாள்.

திறப்பு விழா நடுக்கோடைத் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை. கொசு, சாசேஜ், ஸ்ட்ராபெரி கேக், இசைப்பள்ளிப் பிள்ளைகளின் ஊதுகுழல். டூவா வரமாட்டாள் என்றுதான் ஹென்னிங் நினைத்தான். அவளோ கிளம்பி நின்றாள். என்ன இருந்தாலும் ஒரு கோஸ்டர் அவளை உள்ளே விடப்போகிறது. அதுவாவது இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

அழைக்கப்பட்ட குடும்பங்கள் வாசலில் வரிசையில் நின்றன. உயரம் அளப்பதற்காக முள்ளில்லாத முள்ளம்பன்றி பொம்மை ஒன்று கை நீட்டி நின்றது. டூவா பழக்கதோஷத்தில் முதுகை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, மூச்சைப் பிடித்து அதன் பக்கத்தில் நின்றாள். தலை அந்தக் கையில் இடித்தது.

“மன்னிச்சுக்கோ,” என்றாள் வாசல்காரப் பெண். “நீ ரொம்ப உயரம்.”

டூவா திரும்பிப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. “இன்னொரு தடவை சொல்லு,” என்றாள்.

அந்தப் பெண் சங்கடத்தோடு விளக்கினாள். வண்டி இவ்வளவு மெதுவானதும், ஆய்வாளர்கள் அதை நடைபழகும் குழந்தைகளுக்கான வகையில் சேர்த்துவிட்டார்கள். நூற்றுப்பதினைந்துக்கு மேல் உயரமானவர்களை ஏற்றக்கூடாது. கூட வருகிற பெரியவர்களுக்குத் தனிப் பெட்டி உண்டு, அதற்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும்.

டூவா அழவில்லை. ஒரு ஓரமாக வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். எதிரே இருந்த வண்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று கட்டை விரலைச் சூப்பியபடி தூங்கிவிட்டிருந்தது.

மேடையில் குன்-பிரிட் பேசிக்கொண்டிருந்தாள். இந்த வண்டி ஒரு இஞ்சினியரின் சாதனை அல்ல, ஒரு உரையாடலின் சாதனை என்றாள். “ஒரே ஒரு எதிர்ப்புகூட இல்லாம இதைச் செஞ்சிருக்கோம். ஐரோப்பாவிலேயே யாரும் பயப்படாத முதல் கோஸ்டர் இதுதான்னு காஸ்பர் சொல்றான். குடும்பங்கள் சார்பா நம்ம ஹென்னிங் எல்லாக் கூட்டத்துக்கும் வந்து எல்லாத்துக்கும் சம்மதம் சொன்னான். அவனுக்கு ஒரு கைதட்டல்.” கைதட்டினார்கள். டூவா மட்டும் தட்டவில்லை.

“அப்போ, முள்ளம்பன்றி திறக்கப்பட்டதுன்னு முடிவா வெச்சுக்கலாமா?”

ஊரே மூச்சிழுத்தது. சுத்தியல் மேலே போனது.

“இல்ல,” என்றான் ஹென்னிங்.

ஊதுகுழல் பிள்ளைகளில் ஒருத்தி தவறுதலாக ஊதிவிட்டாள். குன்-பிரிட்டின் சிரிப்பு முகத்திலேயே நின்றது, அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“விறுவிறுப்பான கருத்து, ஹென்னிங்,” என்றாள். “கண்டிப்பா எடுத்துக்கிட்டு...”

“எடுத்துக்கிட்டுப் போகாதே, குன்-பிரிட். இங்கயே வை.” அவன் நிறுத்தவில்லை. “எம் பொண்ணு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. பயமா இருக்கணும்னு. அவளுக்குப் பயம்னா என்னன்னு உங்க யாரைவிடவும் நல்லாத் தெரியும். ஆஸ்பத்திரில படுத்திருந்தப்போ யாரும் வந்து அவகிட்ட ‘விருப்பமில்லன்னா இறங்கிக்கலாம்’னு சொல்லல. சந்தோஷத்துக்காக ஒரு தடவை பயந்து பாக்கறேன்னா. அதைக்கூட உங்களால கொடுக்க முடியல. நான் ஒரு நாளும் சம்மதம் சொல்லல. இப்பவும் சொல்லல.”

மாய்-வோர் விதிப் புத்தகத்தைப் புரட்டி, தலைவியின் காதில் சொன்னாள். யாராவது இல்லை என்றால் கை தூக்கி எண்ணவேண்டுமாம். குன்-பிரிட் கீழே குனிந்து, யோசித்துக்கொள், ஹென்னிங், ஊர் பார்க்கிறது, ஒருமனதாக என்று பலகையில்கூட அடித்தாகிவிட்டது என்று தணிந்த குரலில் சொன்னாள். அவன் யோசிக்கவில்லை.

ஆதரவு கேட்டார்கள். ஊர் முழுக்கக் கை தூக்கியது, சாசேஜ் பிடித்திருந்த கைகள் உட்பட. எதிர்ப்பு கேட்டார்கள். ஹென்னிங் தூக்கினான். டூவாவும் தூக்கினாள். வயதாகாதவர்களின் கை கணக்கில் வராது என்று மாய்-வோர் சொன்னாள். டூவா இறக்கவில்லை.

சுத்தியல் விழுந்தது. ரிப்பன் வெட்டினார்கள். பெரியவர்களின் பெட்டியில் குன்-பிரிட், காஸ்பர், குழுவினர் எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். முடிவு ஆகிவிட்டது, கையை இறக்கலாம் என்று பின்னாலிருந்து யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள். ஹென்னிங் இறக்கவில்லை, வேலியோரமாக நின்றான்.

வண்டி கிளம்பியது. கம்பளிச் சங்கிலி சத்தமில்லாமல் இழுத்தது. நடக்கிற மனிதன் முந்திவிடுகிற வேகத்தில் அது அவனை நோக்கி வந்தது. வேகமான வண்டியாக இருந்திருந்தால் கண்ணிமைக்கிற நேரத்தில் கடந்து போயிருப்பார்கள். இதில் வழியில்லை. குன்-பிரிட் ஆற்றைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், இன்னும் அவன் எதிரிலேயே இருந்தாள். காஸ்பர் செருப்பைத் துடைத்தான், துடைத்து முடித்தான், இன்னும் கடக்கவில்லை. ஒவ்வொருவராக, வேறு வழியில்லாமல், நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தார்கள். அதன் பக்கத்தில் இருந்த சின்னக் கையையும் பார்த்தார்கள். நேராக எதிரே வந்ததும் ஆறுதல் நிறுத்தம் வந்து வண்டி நின்றது.

ஹென்னிங்கின் தோள் கடுக்க ஆரம்பித்தது.

“இறக்காதப்பா,” என்றாள் டூவா. “இப்பத்தான் அவங்களுக்குப் பயமா இருக்கு.”